மேலே ஒரு கார், கீழே ஒரு கார்: சேலத்தில் ஸ்டாக் பார்க்கிங் மெஷின் வாங்குமுன்

இடம் சின்னது, போட நினைக்கிற கட்டடம் பெரியது என்று வந்துவிட்டால், இன்ஜினியர் மேசை டிராயரிலிருந்து எடுத்து நீட்டுவது ஸ்டாக் பார்க்கிங் கேட்டலாக்கைத்தான். ‘ஒரு கார் நிற்கும் இடத்தில் இரண்டு கார்’ என்று அட்டையிலேயே போட்டிருக்கும். பொய்யில்லை, இரண்டு கார் நிற்கும். எந்த இரண்டு கார், யாருடைய கார், எது முதலில் வெளியே வர வேண்டும் என்பதெல்லாம் உள்ளே பொடி எழுத்தில் இருக்கும். சிலதில் அதுவும் இருக்காது.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். ஒரே குடும்பத்தில் இரண்டு கார் இருந்தால் இது காசுக்குத் தகுந்த பொருள். இரண்டு குடும்பத்துக்குப் பங்கு போட்டால் தகராறு நிச்சயம். கடை, கிளினிக், வங்கிக் கிளை என்று ஆட்கள் வந்து வந்து போகிற கட்டடத்துக்கு வாங்கினால், பிளானில் எண்ணிக்கை காட்டத்தான் உதவும். அந்த எண்ணிக்கை எதற்கு என்பதைப் பிறகு பார்ப்போம். முதலில் மெஷின்.

அதிகம் விற்பது இரண்டு தூண் ஹைட்ராலிக் வகை. காரைத் தட்டில் ஏற்றி நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, இறங்கி வந்து சாவியைத் திருப்பி, பட்டனை அழுத்திப் பிடிக்க வேண்டும். விரலை எடுத்தால் நின்றுவிடும். அப்படித்தான் இருக்கவும் வேண்டும். 2.2 கிலோவாட், அதாவது 3 எச்.பி. மோட்டார் ஆயிலைத் தள்ள, சிலிண்டர் நீள, செயின் தட்டை இரு பக்கமும் சமமாகத் தூக்கும். ஏறும்போது தூணுக்குள் ‘டக், டக்’ என்று கேட்கும். புதிதாக வாங்கியவர்கள் பழுதோ என்று பயப்படுவார்கள். அது பூட்டுப் பல் ஒவ்வொன்றாக விழுகிற சத்தம். ஆயில் போகும் ஹோஸ் வெடித்தாலும் செயின் அறுந்தாலும் தட்டு அடுத்த பல்லில் உட்கார்ந்துகொள்ளும். அந்த ‘டக்’ இரண்டு தூணிலும் ஒரே நேரத்தில் வர வேண்டும். ஒன்று முந்தி ஒன்று பிந்தினால் செயின் இழுவை சமமாக இல்லை என்று அர்த்தம். அன்றைக்கே ஆளைக் கூப்பிடுங்கள்.

மேலே போக முக்கால் நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம் ஆகும். இறங்குவது காரின் எடையிலேயே. கரண்ட் பில்லை நினைத்துக் கவலைப்பட ஒன்றுமில்லை: 2.2 கிலோவாட் மோட்டார் ஒரு நிமிடம் ஓடினால் 0.04 யூனிட்கூட ஆகாது. திரி ஃபேஸ் இணைப்பும், மோட்டாருக்குத் தகுந்த லோடும் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

கோளாறு தொடங்குவது உயரத்தில். ‘செடான் மாடல்’ என்று விற்கிற மெஷினில் கீழ்க் காருக்குக் கிடைப்பது சுமார் 1.55 மீட்டர். சுவிஃப்ட் போகும், டிசையர் போகும். வேகன் ஆர் போகாது. ஊரில் எல்லாரும் சின்ன வண்டி என்று சொல்கிற அந்தக் காரின் உயரம் 1.675 மீட்டர். பிரெஸ்ஸா 1.685, இன்னோவா கிரிஸ்டா 1.795. கூரையில் கேரியர் போட்ட வண்டிக்கு இன்னும் கூடும். கூட்டிப் பாருங்கள். இரண்டு செடானுக்கு, கீழே 1.55, இடைவெளி 0.10, தட்டு 0.15, மேலே 1.55, தலைக்கு மேல் 0.10: மொத்தம் 3.45 மீட்டர், 11 அடி 4 அங்குலம். இரண்டு இன்னோவா உயரத்துக்கு வைத்தால் 3.95 மீட்டர், 13 அடி. இந்த அளவு பீமின் அடிமட்டம் வரைக்கும். ‘தளம் 11 அடியில் இருக்கிறது’ என்பார் கான்ட்ராக்டர். ஒன்றரை அடி பீமைக் கழித்தால் ஒன்பதரை. அதற்கும் கீழே முதல் மாடிக் கழிவறையின் 4 அங்குலக் குழாய் வாட்டம் வைத்து ஓடிக்கொண்டிருக்கும். ஸ்டில்ட் தளத்தின், அதாவது கார் நிறுத்தச் சுவரில்லாமல் தூண்களோடு விடுகிற தரைத்தளத்தின், உயரத்தை மெஷினை முடிவு செய்த பிறகுதான் முடிவு செய்ய வேண்டும். கட்டி முடித்த கட்டடத்தில் மெஷினைச் செருகப் பார்த்தவர்கள் பிளம்பரையும் சேர்த்தே கூப்பிட வேண்டிவரும்.

அடுத்தது தூண் இடைவெளி. ஒரு கார் இடம் என்பது பிளானில் 2.5 மீட்டருக்கு 5 மீட்டர். இங்கே மேஸ்திரிகளுக்குக் கை வந்த அளவு 16 அடிக்கு ஒரு தூண். 16 அடி என்றால் 4.88 மீட்டர்; 9 அங்குலத் தூணைக் கழித்தால் 4.65, இரு பக்கமும் பூச்சு போனால் 4.62. இரண்டு காருக்கு வேண்டியது 5 மீட்டர். பேப்பரில் கோடு போடும்போது தூணை ஒரு புள்ளியாகப் பாவித்து இரண்டு கட்டம் வரைந்துவிடுகிறார்கள். நிஜத்தில் ஒன்று அங்கே கதவு திறக்காத காராக நிற்கும். பூச்சோடு சேர்த்து மையத்துக்கு மையம் 17 அடி 3 அங்குலமாவது வைத்தால்தான் அந்த இரண்டு கட்டமும் கட்டமாக இருக்கும். இதில் மெஷினின் இரும்புத் தூண்கள் வேறு பக்கவாட்டில் இடம் கேட்கும். காருக்கு முன்னால் வளைத்து ஏற்ற 6 மீட்டர் இருந்தால் ஒரே மடக்கில் ஏறலாம். மூன்றரை மீட்டர்தான் இருக்கிறது என்றால் முன்னே பின்னே நாலு தடவை. அதுவும் தட்டின் விளிம்பில் சக்கரத்தைப் பார்த்து. புதிதாக லைசென்ஸ் வாங்கிய பிள்ளைகள் அந்த விளிம்பில்தான் பம்பரை உரசிக்கொள்கிறார்கள்.

தரையைப் பற்றி விற்பனையாளர் பேசமாட்டார், ஏனென்றால் அது ‘சிவில் ஒர்க், பார்ட்டி ஸ்கோப்’, அதாவது வாங்குகிறவர் பொறுப்பு. ஸ்டில்ட் தரையில் மணல் பரப்பி பேவர் பிளாக் பதிப்பது இங்கே வழக்கம். அதன் மேல் மெஷின் நிற்காது. பேவரைப் பெயர்த்து, அடியை இறுக்கி, கம்பி கட்டி, எம்25 கான்கிரீட் 200 மில்லிமீட்டர் கனத்துக்காவது போட்டு, 28 நாள் விட்டு, அதன் பிறகுதான் மெஷினைத் தரையோடு இறுக்கும் ஆங்கர் போல்ட்டுக்குத் துளை போட வேண்டும். காரும் தட்டும் சேர்ந்து மூன்று டன் வரை வரும். அந்த எடை தூண்களுக்கு நேர் மேலே இல்லாமல் முன்னால் தள்ளி நிற்பதால் பின்பக்க போல்ட்டுகளை மேலே இழுக்கும். நாலாவது நாளே துளை போட்ட கான்கிரீட்டில் அந்தப் போல்ட் மெதுவாகத் தளர்வதைக் கண்ணால் பார்க்கலாம்: அடித்தகட்டைச் சுற்றி மயிரிழை விரிசல், அதில் தூசி. கீழே பேஸ்மென்ட் இருந்து அதன் கூரைத் தளத்தில் மெஷின் வைப்பதென்றால் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் கையெழுத்து இல்லாமல் தொடவே கூடாது.

மின்தடை தனி அத்தியாயம். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்கு சப்ளையை நிறுத்துகிறார்கள். கார் மேலே இருக்கிறது. இறங்குவதற்குத்தான் மின்சாரம் வேண்டாமே என்று தோன்றும். தட்டு உட்கார்ந்திருப்பது பூட்டுப் பல்லின் மேல். பல்லை விடுவிக்கத் தட்டை முதலில் ஓர் அங்குலம் தூக்க வேண்டும். தூக்க மோட்டார் வேண்டும். ஆக, கையால் அடிக்கும் பம்ப் ஒன்று, மோட்டாரும் ஆயில் தொட்டியும் சேர்ந்த பவர் பேக்கிலேயே இருக்க வேண்டும், அல்லது ஜெனரேட்டர் இணைப்பு திரி ஃபேஸில் இருக்க வேண்டும். சிங்கிள் ஃபேஸ் ஜெனரேட்டரும் பொதுவிளக்கு இன்வெர்ட்டரும் இந்த வேலைக்கு ஆகாது. கேட்டலாக்கில் ‘மேனுவல் லோயரிங்’ என்று போட்டிருந்தால் அது பூட்டிலிருந்து விடுவிப்பதையும் சேர்த்தா என்று எழுதி வாங்குங்கள்.

தினசரித் தொந்தரவுகள் சின்னவை, ஆனால் ஓயாதவை. மழை நாளில் மேல் கார் கொண்டுவந்த சேறு கீழ் காரின் கண்ணாடியில் சொட்டும். தட்டுக்கு அடியில் நீர் வடியும் தகடும் ஓரத்தில் குழாயும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். போட்டோ சென்சாரில் சிலந்தி வலை கட்டினால் மெஷின் ‘ஆள் நிற்கிறார்’ என்று நினைத்து அசையாது. ஒரு துணியால் துடைத்தால் போதும். அது தெரியாமல் சர்வீஸ்காரருக்குப் போன் போகும். எலி வயரைக் கடிக்கும், எனவே கன்ட்ரோல் வயர்கள் எல்லாம் பைப்புக்குள். நைலான் உராய்வுக் கட்டைகள் தேய்ந்தால் தட்டு குலுங்கிக்கொண்டு ஏறும். ஹைட்ராலிக் ஆயில் 46 கிரேடு சேலத்துச் சூட்டுக்குச் சரி. குறைந்தால் அதையே ஊற்ற வேண்டும், கையில் இருக்கிற இன்ஜின் ஆயிலை அல்ல. காரைத் தட்டில் வைத்தே கழுவுகிற பழக்கத்தை முதல் நாளே நிறுத்துங்கள், துரு அங்கேதான் பிடிக்கும்.

இதெல்லாம் சமாளிக்கக் கூடியவை. சமாளிக்க முடியாதது இந்த வகையின் பிறவிக் குணம்: கீழ் கார் வெளியே வந்தால்தான் மேல் கார் இறங்கும். ஒரே வீட்டுக்காரர் என்றால் வாரத்துக்கு ஒரு தடவை எடுக்கும் காரை மேலே போட்டுவிட்டு, தினம் எடுப்பதைக் கீழே விடுவார். மெஷின் இருப்பதே மறந்துபோகும். இரண்டு ஃபிளாட்டுக்குப் பிரித்துக் கொடுத்திருந்தால் காலை ஐந்து மணி ரயிலுக்குப் போகிறவர், எதிர் வீட்டு பெல்லை அடித்து, ‘அண்ணே, கொஞ்சம் வண்டியை எடுங்க’ என்று நிற்க வேண்டும். சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்து வைப்பது என்று தீர்மானம் போடுவார்கள். அந்த வாட்ச்மேனுக்குக் கார் ஓட்டத் தெரியுமா, லைசென்ஸ் இருக்கிறதா, உரசினால் யார் பொறுப்பு என்பது தீர்மானத்தில் இருக்காது.

இதற்குப் பதில் பசில் வகை. தட்டுகள் பக்கவாட்டிலும் நகரும், யாரும் யாரையும் எழுப்ப வேண்டாம். ஆனால் நகர ஓர் இடம் காலியாக இருக்க வேண்டும். மூன்று வரிசை, இரண்டு அடுக்கு என்றால் ஆறு அல்ல, ஐந்து கார். ஐந்து வரிசை, மூன்று அடுக்கு என்றால் பதினைந்து அல்ல, பதின்மூன்று. மோட்டார், சங்கிலி, சென்சார் எல்லாம் பல மடங்கு, ஏ.எம்.சி. எனும் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தச் செலவும் அப்படியே. பக்கத்தில் உள்ளூரிலேயே சர்வீஸ் ஆள் இல்லாத கம்பெனியின் பசில் மெஷினை வாங்குவது வம்பு. தட்டை அதன் எல்லையில் நிறுத்தும் லிமிட் சுவிட்ச் ஒன்று போனால் பதின்மூன்று காரும் உள்ளே.

குழி வெட்டிக் கீழே இறக்கும் வகையையும் காட்டுவார்கள். சேலத்தின் பல பகுதிகளில் தோண்டினால் சீக்கிரமே பாறை வந்துவிடும். பிரேக்கர் வைத்து மாதக்கணக்கில் உடைத்தால் பக்கத்து வீட்டுச் சுவரில் விரிசல் விழும். திருமணிமுத்தாறு பக்கம் என்றால் பாறைக்குப் பதில் ஊற்று. குழியில் பம்ப் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். பேஸ்மென்ட்டே போட்டுவிடலாமே என்றால், கார் இறங்கும் சாய்தளம் 1-க்கு 8-ஐ விடச் செங்குத்தாக இருக்கக் கூடாது. 3 மீட்டர் இறங்க 24 மீட்டர், அதாவது 79 அடி. வழக்கமான மனையின் நீளமே 60 அடி. இப்படி ஒவ்வொரு வழியாக அடைபட்டுத்தான் இந்த இரண்டு தூண் மெஷினிடம் வந்து நிற்கிறார்கள்.

சரி, யார் கேட்டார்கள் இத்தனை காருக்கு இடம்? விதி கேட்கிறது. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-இல், எந்த வகைக் கட்டடத்துக்கு எத்தனை சதுர மீட்டருக்கு எத்தனை கார், எத்தனை இருசக்கர வாகனம் என்று பட்டியல் உண்டு. அதிக உயரமில்லாத கட்டடத்துக்குத் தளப்பரப்புக் குறியீடு 2. நம் ஊரின் நிரந்தர உதாரணமான 40-க்கு 60 மனையை எடுத்துக்கொள்வோம்: 2,400 சதுர அடி. இரண்டு மடங்கு, 4,800 சதுர அடி, கட்டலாம். சதுர மீட்டரில் 446. பேச்சுக்கு 50 சதுர மீட்டருக்கு ஒரு கார் என்று வைத்தால் ஒன்பது கார். நிற்கும் இடம் மட்டும் பார்த்தால் ஒரு காருக்கு 12.5 சதுர மீட்டர்தான். ஆனால் கார் ஆகாயத்திலிருந்து இறங்காது. வழி, வளைவு, தூண் எல்லாம் சேர வேண்டும். டெல்லி மாஸ்டர் பிளான் 2021 இதை வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது: திறந்த வெளியில் ஒரு காருக்கு 23 சதுர மீட்டர், தரைத்தளக் கூரைக்குக் கீழ் 28, பேஸ்மென்ட்டில் 32. 28-ஐயே எடுத்தால் ஒன்பது காருக்கு 252 சதுர மீட்டர், 2,712 சதுர அடி. மனையை விடப் பெரிது. மனையைச் சுற்றிக் காலியாக விட வேண்டிய செட்பேக்கை இன்னும் கழிக்கவே இல்லை.

மெஷின் போட்டால் ஐந்து இடம் போதும்: 140 சதுர மீட்டர், 1,507 சதுர அடி. பிளானில் கணக்கு நேராகிறது. இங்கேதான் அந்த மெஷின் தன் முக்கியமான வேலையைச் செய்து முடித்துவிடுகிறது. பெரிய வணிகக் கட்டடத்துக்கு நிறைவுச் சான்று இல்லாமல் மின் இணைப்பு கிடைக்காது. சான்றுக்குப் பார்வையிட வருகிற நாளில் தட்டுகள் பளபளவென்று ஏறி இறங்கும். அதற்குப் பிறகு அந்தக் கட்டடத்து வாசலில் போய் நின்று பாருங்கள். மேல் தட்டில் பழைய ஃப்ளெக்ஸ், உடைந்த ஷோகேஸ், தீபாவளி அட்டைப் பெட்டிகள். கீழே தரையில் உரிமையாளர் கார் ஒன்று. வாசலில், நடைபாதையில், சாக்கடை மூடியின் மேல் வரிசையாக ஸ்கூட்டர்கள். கடைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் வந்தது அதில்தான். மிச்சப் பேர் பஸ்ஸில். துணி எடுக்கப் பத்து நிமிடம் நிறுத்துகிறவர் யாரும் காரை மேலே தூக்கி வைக்கச் சாவி கொடுக்க மாட்டார். ஒரு கார் கட்டத்தில் ஸ்கூட்டர் ஐந்தாறு நிற்கும். மெஷின் தட்டில் ஒன்றுகூட நிறுத்த முடியாது. விதி கார் இடத்தை நிரப்பியது, வந்த வண்டி தெருவில் நின்றது.

கட்டடத்துக்கு இத்தனை கார் என்கிற இந்த எண்கள் எப்படி வந்தன என்று வாழ்நாள் முழுக்கத் தோண்டியவர் லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்ட் ஷூப். கடந்த சில ஆண்டுகளில் இந்த விஷயத்தில் நடந்த மாற்றங்கள் பலவற்றுக்குப் பின்னால் அவர் பேச்சு இருக்கிறது. 2025 பிப்ரவரியில் காலமானார். அவர் காட்டியது எளிது: பஸ் போகாத புறநகரில், நிறுத்தக் கட்டணம் இல்லாத கட்டடத்தில், கூட்டம் உச்சத்தில் இருக்கிற நேரத்தில் நின்ற கார்களை எண்ணி, அதையே குறைந்தபட்சத் தேவை என்று விதியாக்கிவிட்டார்கள். இலவசமாக எதைக் கொடுத்தாலும் அந்த அளவுக்கு ஆள் வரும். கல்யாணப் பந்தியில் எவ்வளவு பாயசம் போனது என்று பார்த்து, தினசரிச் சாப்பாட்டுக்கு ஒவ்வொரு வீடும் அவ்வளவு பாயசம் வைக்க வேண்டும் என்று சட்டம் போட்டதைப் போல.

சேலத்தில் இதன் விளைவைப் பார்க்கச் செவ்வாய்ப்பேட்டைக்கும் சின்னக்கடை வீதிக்கும் போனால் போதும். வாசல் பதினைந்து அடி, உள்ளே அறுபது எண்பது அடி என்று நீளும் மனைகள். கீழே கடை, மேலே கொலுசுப் பட்டறை அல்லது வீடு. ஊரின் வியாபாரம் இந்தத் தெருக்களில்தான் நடக்கிறது. இதே கட்டடத்தை இன்று இடித்துவிட்டு அதே அளவில் கட்டப் போனால், கார் உள்ளே போகும் வழிக்கே மூன்றரை மீட்டர், பதினொன்றரை அடி, போய்விடும். கடைக்கு மூன்றரை அடி மிஞ்சும். அங்கே எந்த மெஷினும் நுழையாது. ஆகவே பழையதை இடிக்காமல் ஒட்டுப் போட்டுக்கொண்டே இருப்பார்கள், அல்லது நாலு மனையை ஒருவரே வாங்கிச் சேர்த்துப் பெரிய கட்டடம் போடுவார், அல்லது பிளானே இல்லாமல் கட்டுவார்கள். மூன்றுமே நடக்கின்றன.

இன்னொரு பக்கம், இடம் காலியாகக் கிடக்கிறது. கல்யாண மண்டபத்தை எடுங்கள். முகூர்த்த நாளில் கார் பார்க்கிங் வழிந்து சாலைக்கு வரும்; ஆடியிலும் மார்கழியிலும் ஈ ஆடாது. அந்த ஆடியில்தான் ஜவுளிக்கடைகளில் தள்ளுபடி. கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவுக்கு ஊரே திரளும். புரட்டாசியில் மண்டபம் காலி, தீபாவளித் துணிக்குக் கடையில் கூட்டம். பஞ்சாங்கமே இரண்டையும் மாற்றி மாற்றி வைத்திருக்கிறது. மண்டபத்து இடத்தைக் கடைக்கு வாடகைக்கு விட்டு, அதை இரண்டு கட்டடத்துக்கும் பொதுக் கணக்காக ஏற்றுக்கொண்டால், ஒரு மெஷினும் வாங்காமல் பாதிப் பிரச்சினை தீரும். ஒவ்வொரு மனையும் தன் உச்ச நாளுக்குத் தன் மனைக்குள்ளேயே இடம் வைத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லும்போதுதான் இரும்புத் தூண் நட வேண்டியிருக்கிறது.

வெளியூர்களில் இதை அவிழ்த்துவிட்டார்கள். லண்டன் 2004-இலேயே குறைந்தபட்சம் என்பதை எடுத்து, இதற்கு மேல் கூடாது என்று அதிகபட்சம் வைத்தது. மெக்சிகோ சிட்டி 2017-இல் அதே வழியில் போனது. அமெரிக்காவின் பஃபலோ அதே ஆண்டில் ஊர் முழுக்கக் குறைந்தபட்சத்தை நீக்கியது. ஜப்பான் 1962-லிருந்து பாரத்தை வேறு இடத்தில் வைத்திருக்கிறது: கார் வாங்குகிறவர் தனக்கு நிறுத்த இடம் இருப்பதாகச் சான்று காட்ட வேண்டும்; சின்னக் கடைக்காரரை யாரும் கேட்பதில்லை. இந்தியாவின் 2006 தேசிய நகரப் போக்குவரத்துக் கொள்கையும், காரை நிறுத்தும் நிலத்தின் மதிப்பைக் காட்டுகிற கட்டணம் வாங்க வேண்டும் என்று எழுதித்தான் வைத்திருக்கிறது. ஐந்து ரோட்டிலோ செர்ரி ரோட்டிலோ தெருவோரம் நாள் முழுக்க நிற்கிற காரிடம் ஒரு மணிக்கு இவ்வளவு என்று வாங்காத வரை, நூறு மெஷின் போட்டாலும் ஓட்டுநர் தேடுவது தெருவோரத்தைத்தான். இலவசம் முன்னால் இருக்க, சாவியைக் கொடுத்துக் காத்திருக்க யாருக்குப் பொறுமை?

ஏற்காட்டுக்கு இந்த மெஷினைப் பரிந்துரைக்கவே முடியாது. மே மாதக் கோடை விழாவையும் சனி ஞாயிறுகளையும் மனதில் வைத்து விடுதிக்காரர்கள் கேட்கிறார்கள். பனி ஈரத்தில் செயினும் பூட்டுப் பல்லும் துருப்பிடிக்கும், பவுடர் கோட்டிங் தாங்காது, துத்தநாகத்தில் முக்கியெடுத்த தட்டு வேண்டும். ஆயிலும் 32 கிரேடு. அதைவிட, இருபது கொண்டை ஊசி ஏறி வருகிறவர்களில் பலர் வேனிலும் டெம்போ டிராவலரிலும் வருகிறார்கள், அவை தட்டில் ஏறாது. மலைச் சரிவே இலவசமாக இரண்டு அடுக்கு தந்திருக்கிறது: மேல் சாலையிலிருந்து ஒரு தளம், கீழ்ப் பாதையிலிருந்து ஒரு தளம். அதை விட்டுவிட்டு மண்ணை வெட்டிச் சமன் செய்து மெஷின் நடுவது, மழைக்காலத்தில் தடுப்புச் சுவரோடு மல்லுக்கட்டத்தான்.

இவ்வளவுக்குப் பிறகும் வாங்கத்தான் வேண்டும் என்கிறவர்களும் உண்டு. விதி இருக்கிற வரை வேறு வழியில்லாதவர்கள். பிளான் போடுமுன், மேல் தட்டையும் ஒரு கார் இடமாகக் கணக்கில் எடுப்பார்களா, எத்தனை வரை எடுப்பார்கள் என்று அனுமதி தரும் அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். அனுமதி தருவது மாநகராட்சியா, உள்ளூர் திட்டக் குழுமமா என்பது கட்டடத்தின் அளவைப் பொறுத்தது. ஃபிளாட் என்றால் விற்பனைப் பத்திரத்தில் மேல் தட்டு யாருக்கு, கீழ் இடம் யாருக்கு என்பதற்கு முன்னால், விற்க முடியுமா என்றே பாருங்கள்: மகாராஷ்டிரச் சட்டத்தின் கீழ் வந்த நஹால்சந்த் லலூசந்த் வழக்கில் 2010-இல் உச்ச நீதிமன்றம் ஸ்டில்ட் பார்க்கிங்கைத் தனி அலகாக பில்டர் விற்க முடியாது என்றது. முடிந்தால் இரண்டு இடத்தையும் ஒரே வீட்டுக்கு ஒதுக்குங்கள். விலைப்புள்ளியில் தட்டின் எடை தாங்குதிறன் 2,000 கிலோவா 2,500 கிலோவா, சிலிண்டரில் ஹோஸ் வெடித்தால் அடைக்கும் வால்வு இருக்கிறதா, கன்ட்ரோல் 24 வோல்ட்டில் ஓடுகிறதா, மெஷினைப் போலவே தரை வேலைக்கும் யார் பொறுப்பு என்ற நாலும் எழுதியிருக்க வேண்டும்.

ஒப்படைக்கிற நாளில் உங்கள் காரையே ஏற்றச் சொல்லுங்கள், டெமோவுக்கு அவர்கள் கொண்டுவரும் ஆல்டோவை அல்ல. மேலே ஏறியதும் ஆங்கர் போல்ட்டுகளைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போடுங்கள். பிறகு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, இப்போது இறக்குங்கள் என்று சொல்லிக் கடிகாரத்தைப் பாருங்கள். பத்து நிமிடத்துக்குள் கார் தரையில் இருந்தால் கையெழுத்துப் போடலாம். சர்வீஸ் ஆள் போனை எடுத்து யாரையோ கூப்பிட ஆரம்பித்தால், கடைசித் தவணைச் செக்கைப் பையிலேயே வைத்திருங்கள். ஒரு மாதம் கழித்து அந்தச் சாக்பீஸ் கோட்டைப் போய்ப் பாருங்கள், போல்ட் நகர்ந்திருந்தால் கோடு சொல்லும்.